பிளாப்பிக்கு வைத்த சந்தனம்

நாமக்கல் பக்கத்தில் ஒரு கோழித்தீவன ஆலையில் நான் கிடங்கு பார்த்துக்கொண்டிருந்தேன். மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு, கருவாடு எல்லாம் மூட்டை மூட்டையாக அட்டி போட்டுத் தகரக் கூரை வரை நிற்கும். காலையில் முதலாளி வந்ததும் நேராக என்னிடம்தான் வருவார். "ஏஞ்சாமி, இன்னைக்கு எந்த அட்டியில எடுக்கலாமுங்க?" நான் குத்தூசியால் ஒரு மூட்டையைக் குத்தி, உள்ளங்கையில் விழுந்த சோளத்தை முகர்ந்து பார்த்துச் சொல்வேன். அதற்கப்புறம்தான் ஆட்கள் மூட்டையில் கை வைப்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

என் மனைவியின் தம்பிக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். எண்பதுகளின் கடைசியில் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதைப் பழகிவர முதலாளி சேலத்துக்கு அனுப்பியது அவனை. எனக்கு வயிறு எரிந்தது.

இன்றைக்கு என்ன தீவனம், எவ்வளவு அரைக்க வேண்டும் என்று அவன் தட்டினால் போதும். எந்தச் சரக்கு, எந்த அட்டி, எத்தனை மூட்டை என்று கறகறவென்று சீட்டு வந்து விழும். முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டுமாம். ஏதோ எனக்குத் தெரியாத விஷயம் மாதிரி! முதலாளி நேராகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போக ஆரம்பித்தார். அந்தப் பெட்டிக்கு ஏசி, எனக்குத் தவிட்டுப் புழுதி. ஒரு நாளாவது சீட்டு தப்பாக வராதா என்று காத்துக் கிடந்தேன். வரவில்லை. வீட்டுக்குப் போனால் அவள் வேறு. "எந்தம்பி ஒரு தட்டுத் தட்டுனா கெடங்கே அசையுதாமா!"

ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் முதல் சந்தனம் என் குத்தூசிக்குத்தான். அந்த வருஷம் முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு ஏசி அறைக்குப் போனார். "சரக்குக் கணக்கெல்லாம் இதுக்குள்ளதானுங்க இருக்குது?" என்று பக்தியோடு கேட்டு, கணக்கைப் பதிந்து வைக்கும் கறுப்புத் தகடான பிளாப்பியை எடுத்து உறையிலிருந்து உருவி, நன்றாகக் குழைத்த சந்தனத்தை நடுவில் அப்பி, மேலே குங்குமம் வைத்தார். பத்திரத்துக்கு அதே கணக்கை இன்னொரு பிளாப்பியிலும் ஏற்றி வைத்திருந்தான் மைத்துனன். ஒன்றுக்கு வைத்து ஒன்றை விடலாமா? அதற்கும் வைத்தார். முதலாளி கையை யார் பிடிப்பது?

விடுமுறை முடிந்து வந்தால், இரண்டில் எதையும் பெட்டி படிக்க மறுத்தது. மைத்துனன் துடைத்துத் துடைத்து மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தான். பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்ற லாரிகள் வாசலில் நிற்கின்றன. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிடங்குக்கு ஓடி வந்தார்.

"ஏஞ்சாமி, எந்த அட்டியில எடுக்கறதுங்க?"

எவ்வளவு நாளாயிற்று அதைக் கேட்டு! வேண்டுமென்றே மெதுவாகக் குத்தி, மெதுவாக முகர்ந்து, கையை நீட்டிக் காட்டினேன். லாரிகள் கிளம்பின. "அப்படியே எல்லா அட்டியையும் உங்க மாப்பிள்ளைகிட்டச் சொல்லிருங்க, புதுப் பிளாப்பியில ஏத்திக்கட்டும்" என்றார். பொழுது சாய்கிற வரை நான் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். பெருமை தாங்காமல் கேட்காததையும் சொன்னேன். மேற்குச் சுவரோரத் தவிட்டுக்கு மேல் கூரை ஒழுகுகிறது, அதை முதலில் காலி செய்ய வேண்டும் என்று.

மறுநாள் சீட்டில் முதல் வரியே அதுதான். முதலாளி அதைத் தூக்கிப் பிடித்தார். "பாத்தீங்களா, கூரை ஒழுகறது கூட மெசினுக்குத் தெரியுதுங்க!"

"அது மச்சான் சொன்னதுங்க" என்றான் மைத்துனன். குறை சொல்லக்கூடாது, சொன்னான்.

"அப்படீங்களா? நல்லதாப் போச்சு" என்று என் தோளைத் தட்டினார் முதலாளி. "இனி இவரத் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல பாருங்க."

பண்ணவும் இல்லை.