ஓரிரு இடங்களுக்குப் பெயர் சொன்னவர்

"இடி மேடம் போயிட்டாங்கண்ணே" என்று ஜீப் ஓட்டுநர் வீரணன் தொலைபேசியில் சொன்ன காலையில், போடிநாயக்கனூர் வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. மாரடைப்பு. முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் வந்ததாம். செல்வநாயகி அவர்களுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதையை மரணத்தால் செய்திருக்க முடியாது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எங்கள் கல்லூரியில் புவியியல் பேராசிரியர். சொந்த ஊர் ராசிங்காபுரம். கோடையில் மலைமேல் திரளும் இடிமழையை முன்கூட்டிச் சொல்வதும், அதனால் அடிவாரத்து ஓடையில் திடீர் வெள்ளம் வரக்கூடும் என்று எச்சரிப்பதும் அவருக்கு யாரும் கொடுக்காத வேலை. அதனாலேயே அந்த வேலையிலிருந்து அவரை யாராலும் நீக்க முடியவில்லை.

நான் தமிழ்த்துறையில் சேர்ந்த புதிதில், ஆசிரியர் அறையில் ஒரு செய்தித்தாளை நீட்டினார். மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்றிருந்தது.

"தமிழ் வாத்தியாரே, இதுல தப்பு இருக்கா?"

"இலக்கணப்படி இல்லை, மேடம்."

"எப்பிடி இருக்கும்? பெஞ்சாலும் சரி, பெய்யலேன்னாலும் சரி. தப்பே ஆக முடியாத வாக்கியம். இத நம்பி ஒரு ஜீப்ப நிறுத்த முடியுமா? அந்த ஓரிரு இடத்துக்குப் பேரு கெடையாதா?"

பெயர் சொல்லும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார்.

ராசிங்காபுரத்துப் பெண்கள் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்புவார்கள். ஊருக்கு வரும் குறுக்குப் பாதை ஓர் ஓடைக்குள் இறங்கி ஏறும்; பாலம் வழியாக வந்தால் சுற்று. கோடையில் அது வெறும் மணல். எங்கள் ஊர் அறிவு தெளிவானது: தன் தலைக்கு மேல் மழை இல்லையென்றால் மழை இல்லை. மேலே ஏலக்காட்டில் கொட்டிய மழை, கீழே மணலில் ஜீப்பை நிறுத்தி வெற்றிலை போடுகிறவரைத் தேடி வரும் என்பதை அந்த அறிவு ஏற்பதில்லை.

மேடம் பகலில் செயற்கைக்கோள் படமும் ராடார் படமும் பார்ப்பார். போடிமெட்டுத் தேநீர்க் கடைக்குப் பேசி, அங்கே காற்று எப்படி என்று கேட்பார். பிறகு ஜீப் ஓட்டுநர்களின் வாட்ஸப் குழுவில் அவர் குரல் வரும்: "இன்னைக்கு மூணு மணிக்கு மேல ஏலக்காட்டுல இடிமழ. ஓடையில எறங்காதீங்க. பாலத்தச் சுத்தி வாங்க." கணிப்பு பொய்த்திருந்தால், மறுநாள் பதிவு அதிலிருந்தே தொடங்கும்: "நேத்து நான் சொன்னது தப்பு. எல்லாரும் பத்திரமா வீட்டுல இருக்கீங்க."

பல நாள் பொய்த்தது. இடிமழை அப்படித்தான், ஒரு சரிவில் கொட்டும், அடுத்த சரிவில் துணி காயும். வீரணன் விடமாட்டார்.

"என்ன மேடம், உங்க மழ போடிமெட்டுல பஸ்ச விட்டுருச்சா?"

"விட்டுருச்சு அப்பு. நாளைக்கு மொத பஸ்சுலயே வந்தாலும் வரும். நீ பாலத்துல வா."

ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வீடு தேடி வந்து கண்டித்தார். "வீணா பீதியக் கெளப்புறீங்க. மழ சொல்றது ஒங்க சோலி இல்ல, மேடம்."

"சரிங்க, நிறுத்திர்றேன். ஓடைக்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லி நிறுத்திருங்க."

அன்றும் பதிவு வந்தது, வழக்கத்தைவிடச் சத்தமாக.

ஒரு சித்திரை மாலையில் ஓட்டுநர்கள் யாரும் அவர் பதிவைப் பொருட்படுத்தவில்லை. வீரணன் ஓடைக்கு வந்தபோது, கரையில் பாதையின் நடுவே மேடம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜீப்பிலிருந்த பெண்கள் கத்தினார்கள்: "வெரசா எறக்குப்பா, ஒல வைக்கணும்!"

"தள்ளுங்க மேடம். வானம் வெளுத்துக் கெடக்கு."

"உன் தலைக்கு மேல பாக்காத. ஓடையோட தலைக்கு மேல பாரு."

"ஓடைக்கு ஏது மேடம் தல?"

"மலையில இருக்கு. நம்பலேன்னா என் மேல ஏத்திட்டுப் போ."

ஓடைக்குத் தலை உண்டா என்ற வாதம் முடிவதற்குள் தண்ணீர் வந்தது. செம்மண் நிறத்தில், மரக்கிளைகளைச் சுருட்டிக்கொண்டு, ஜீப் நின்றிருக்கவேண்டிய இடத்தின் மேலாகப் போனது. மேடம் எழுந்து, "நாற்காலியத் தூக்கு அப்பு, நனையப்போகுது" என்றார். மறுநாள் பதிவில் இதைப்பற்றி ஒரு சொல் இல்லை. சரியாகச் சொன்னதை அவர் அறிவித்ததே கிடையாது.

மயானம் ஓடைக்கு அக்கரையில். அவரைக் கொண்டுபோன மாலையில் மலைமேல் மேகம் கட்டியிருந்தது. அவரிடம் படித்த பெண்கள் கைபேசியில் ராடார் பார்த்து, இறங்கவேண்டாம் என்றார்கள். உறவினர்களுக்கு அவசரம். குறுக்குப் பாதைக்குத் திரும்பினால், நடுவே அதே நாற்காலியில் வீரணன்.

"பாலத்தச் சுத்திப் போங்க."

"எந்திரிப்பா, மணல் காஞ்சு கெடக்கு. சொல்றதுக்கு அந்தம்மாவே இல்ல, நீ யாரு?"

"அவுகளயே ஓடையில எறக்கச் சொல்றீகளா, மாமா?"

ஊர்வலம் பாலத்தைச் சுற்றிப் போனது. இருட்டிய பிறகே சிதை எரிந்தது. ஓடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

மறுநாள் காலை குழுவில் ஒரு பதிவு வந்தது. வீரணனின் குரல். "நேத்து நாங்க சொன்னது தப்பு. எல்லாரும் பத்திரமா வீட்டுல இருக்கீங்க. இன்னைக்கும் பாலத்துலயே வாங்க."

விடை கொடுக்கிறோம், மேடம். உங்கள் நாற்காலியை மட்டும் திருப்பித் தருவதாக இல்லை. அது பாதையின் நடுவில் கிடக்கிறது.