வெறுங்கூடை

அடுத்த ஃபிளாட் பெண் காலையில் டிபன் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். திறந்தால் உள்ளே நாட்டுக்கோழி முட்டைகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாங்கள் அவிநாசியில் இருந்தபோது, எங்கள் கறுப்புக் கோழி திடீரென்று முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. அம்மா கம்பு போட்டுப் பார்த்தாள், மிளகாய் சுற்றிப் போட்டாள். அப்பாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

“தின்னுபோட்டுச் சும்மா திரியுது. ஞாயித்துக்கெழம கொழம்பு வெச்சுப்போடலாம்” என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு சரசக்கா ஒரு தட்டு முறுக்கோடு வந்தார்.

“ஏனுங்கக்கா, காதுகுத்துக்கு வாங்கிட்டுப் போன அன்னக்கூடைய எங்க தொவைக்கிற கல்லு மேல வெச்சுட்டு வந்தீங்கல்ல. வெறுங்கூடையாக் குடுக்கக் கூடாதுன்னு முட்டை வெச்சீங்க, சரிங்க. அதுக்காக, கூடை அங்கயே கெடக்குதுன்னு தெனமுமா அதுல வெப்பாங்க? எங்கூட்டுல எல்லாருக்கும் சூடு புடிச்சுக்கிச்சு. போதுமுங்கக்கா.”

அம்மா அந்தக் கூடையை வெறுமனேதான் வைத்துவிட்டு வந்திருந்தாள். கோழி எங்கே போய் இட்டது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஆனாலும் முகம் மாறாமல், “இருக்கட்டும் அம்மணி, கொழந்தைக திங்கட்டும்” என்றாள்.

சரசக்கா போனதும் அப்பா பக்கம் திரும்பினாள்.

“கோழி மேல கைய வெச்சுப்போடாதீங்க. இந்த ஊட்டுல அதுக்கு மட்டுந்தான் மொறை தெரிஞ்சிருக்குது.”

இன்று முட்டைகளை எடுத்துவிட்டு டப்பாவைக் கழுவும்போதுதான் கவனித்தேன். அது எங்கள் டப்பாவே இல்லை. அடுத்த ஃபிளாட் பெண் யாருடையதையோ எங்களிடம் கொடுத்திருக்கிறார். இனி இதை வெறுமனே திருப்பிக் கொடுக்கவும் முடியாது.