நகத்தம்மாவின் எலுமிச்சை மரம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் ரத்தக்கறையோடு மல்லுக்கட்டியவளுக்கு ‘நகத்தம்மா’ என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியமில்லை. இயந்திரம் விட்டுவைத்த கறையை அவள் கட்டைவிரல் நகம் விட்டுவைக்காது. இப்போது அந்த நகத்துக்கு வேறு வேலை வந்திருந்தது.

முற்றத்து எலுமிச்சை மரத்தில் செதில்பூச்சி. கிளை முழுக்கப் பழுப்புப் பொருக்குபோல ஒட்டிக்கொண்டு, அசையாமல் சாறு குடித்தன. குடித்து மிஞ்சியதைப் பாகாகக் கீழே சொட்டவிட்டன. கீழே நின்றது கொழுந்தனின் வாடகைக் கார்.

“அண்ணி, காலையில ஏறுன ஆளு கதவத் தொட்டுட்டு, இது காரா, பாகு காய்ச்சின பாத்திரமான்னு கேக்குறான். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பவும் சொட்டுச்சுன்னா அடியோட அறுத்துருவேன்.”

“கார வேற பக்கம் நிறுத்துங்களேன் தம்பி.”

“எங்க? உங்க தலையிலயா?”

ராத்திரி வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவள் அவள். மரம் போனால் மேற்கு வெயில் நேரே கட்டிலில் வந்து விழும், தூக்கமும் போகும்.

அன்றே கொலையை ஆரம்பித்தாள். ஏணி, பழைய பல்துலக்கும் பிரஷ், சோப்புத் தண்ணீர். பிரஷ் எட்டாத இடுக்கில் நகம். பூச்சியின் மேலோட்டை நெம்பினால் உள்ளே மெத்தென்று மஞ்சள் உடம்பு. “ஓசியிலயா குடிக்கிற? இந்தா, குடி!” என்று ஒவ்வொன்றாக நசுக்கினாள். முழங்கைவரை பிசுபிசுத்தது.

எறும்புகள்தான் அடங்கவில்லை. பாகுக்கு ஆசைப்பட்டு அவை பூச்சிகளுக்குக் காவல் நின்றன. தின்ன வந்த பொறிவண்டுகளைக் கடித்து விரட்டின. அடிமரத்தில் துணி சுற்றி கிரீஸ் தடவினாள். ஒட்டிக்கொண்டவை துடித்துச் சாவதைக் குந்தி உட்கார்ந்து ரசித்தாள். ஆனாலும் மேலே எறும்பு குறையவில்லை. எந்த வழியாக ஏறுகின்றன என்று பிடிபடவில்லை.

ஞாயிறு காலை கார்க் கண்ணாடி மறுபடி பிசுக்கேறிக் கிடந்தது. கொழுந்தன் ரம்பத்தோடு வந்தான். பட்டையில் பல் இறங்கி வெள்ளைத் தூள் பறந்தபோது அவள் பாய்ந்து தகட்டைப் பிடித்தாள்.

“கைய எடுங்க அண்ணி!”

“இழுடா! தைரியமிருந்தா இழு!”

கோபத்தில் இழுத்தேவிட்டான். உள்ளங்கை பிளந்தது. ரத்தம் மரத்தில் வழிந்தது. அவனுக்கு முகம் வெளிறிவிட்டது. துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் வெள்ளைச் சட்டையை உருவி அவள் கையில் சுற்றப் போனவன், “ஐயோ!” என்று அலறி உதறினான். சட்டை முழுக்க எறும்பு. கழுத்துவரை ஏறிக் கடித்தன.

நகத்தம்மா நிமிர்ந்து பார்த்தாள். சுவரிலிருந்து மரத்துக்குக் கொடி. கொடிமேல் எறும்பு ஊர்வலம். கிரீஸுக்கு மேலே, சொகுசாக.

“இந்தக் கொடியக் கட்டுனது யாரு?” என்றான் சொறிந்துகொண்டே.

“நான்தான். துவைக்கத் தெரிஞ்ச புத்தி வேற எதுக்கு ஆகுது!”

ரத்தக் கையாலேயே ரம்பத்தைப் பிடுங்கிக் கொடியை ஒரே இழுப்பில் அறுத்தாள். வீட்டுத்துணி மொத்தமும் சேற்றில் விழுந்தது.

“என் பேன்ட்டு!”

“நானே துவைச்சுத் தரேன். முதல்ல ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடு.”

ஏழு தையல். ரம்பம் அன்று ஆணியில் தொங்கியதுதான், அவன் அப்புறம் அதைத் தொடவில்லை. மூன்றாவது வாரம் கார்க் கண்ணாடி உலர்ந்திருந்தது. மேலே, காவல் இழந்த ஒரு செதில்பூச்சியைப் பொறிவண்டின் புழு புரட்டிப்போட்டு உயிரோடு தின்றுகொண்டிருந்தது. நகத்தம்மா கடைசிக் கடிவரை நின்று பார்த்துவிட்டுத் தூங்கப்போனாள்.