குண்டுக்குச் சுற்றிய துணி

சாமிதுரை நல்லவன்தான். குடிக்க மாட்டான், யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டான், கொல்லையில் இறங்கினால் பொழுது சாயும்வரை நிமிர மாட்டான். ஆனால் யாராவது அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. அந்த ஒரு குணம்தான் நாற்பத்திரண்டு வயதில் அவனைத் தலைகுனிய வைத்தது.

செட்டிகுளத்துக்கு மேற்கே, பச்சைமலை பக்கத்தில் ஊர். மூன்று ஏக்கரில் கடலை போட்டிருந்தான். மலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றிகள் புகுந்தால் செடியோடு புரட்டிப் போட்டுவிடும். அதற்காக லைசென்ஸ் வாங்கி ஒரு பழைய கேப்புத் துப்பாக்கி வைத்திருந்தான். குழாய் வாயில் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, கம்பியால் கெட்டித்து, பின்பக்கம் கேப்பை மாட்டிச் சுடவேண்டும். மற்றவர்களின் நாட்டுத் துப்பாக்கி போல இல்லாமல் அவனுடைய குழாய்க்குள் வரிவரியாக முறுக்கு ஓடியிருந்தது. அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

பெருமை எண்பத்தியொன்றாம் வருஷம் கப்பலேறியது. பன்றியைக் குறிவைத்துச் சுட்டான். குண்டு அவனுடைய ஆயில் இன்ஜின் கொட்டகையின் ஓட்டைப் பிளந்துகொண்டு போனது.

"பன்னி பொழைச்சுக்கிச்சு. பாவம், ஓடுதான் ஸ்பாட்லயே போயிடுச்சு" என்று பக்கத்துக் கொல்லைக்கார நல்லதம்பி டீக்கடையில் ஆரம்பித்து வைத்தான். ஒரு வருஷம் ஊர் அதையே சொல்லிச் சிரித்தது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட, "சாமிதுரை வர்றான், ஓட்டப் பாத்துக்குங்க" என்றார்கள்.

அடுத்த பட்டத்துக் கடலை காய் பிடிப்பதற்குள் துப்பாக்கியை வழிக்குக் கொண்டுவந்தே தீருவது என்று முடிவு செய்தான். திருச்சியில் கருமருந்து விற்ற கடைக்காரர் ஒரு விஷயம் சொன்னார்.

"முறுக்குக் குழாய்க்கு வெறுங்குண்டு ஆகாதுங்க. துணியில சுத்திக் கெட்டிக்கணும். துணி சரியா அமைஞ்சா குண்டு சொன்ன எடத்துக்குப் போவும்."

பழைய முறத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, நாற்பது தப்படியில் கரைமேட்டில் சாய்த்து, தினமும் காலையில் சுட்டுப் பார்த்தான். மருந்தளக்க இருமல் டானிக் பாட்டிலின் மூடி. ஒரு மூடி போட்டால் குண்டு முறத்துக்கு முன்னாலேயே மண்ணைக் கிளப்பியது. இரண்டு மூடி போட்டால் தோள்பட்டை வீங்கியது, குண்டு போன திசையே தெரியவில்லை. ஒன்றே முக்கால் மூடியில் கொஞ்சம் படிந்தது. ஆனாலும் ஒன்றுக்கொன்று இரண்டு சாண் தள்ளியே விழுந்தது. துணியை மாற்றினான். வேட்டித் துணி மெலிசு, கருகிக் கந்தலாக வந்து விழுந்தது. துண்டு தடிமன், குண்டு பாதிக் குழாயில் சிக்கி அவனுடைய உயிரை வாங்கியது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் நடந்துபோய், விழுந்த துணியைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு எறிவான்.

அப்படி ஒரு காலையில் எந்தத் துணியும் மிச்சமில்லை. பெண்டாட்டி இருசம்மாள் பெரம்பலூர் சந்தைக்குப் பஸ் ஏறியிருந்தாள். சலவைக்காரி செங்கமலம் வெளுத்த துணி மூட்டையை நடையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மேலாக இருந்தது இருசம்மாளின் நூல் புடவை. செத்துப்போன அவள் அம்மா, கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்தது. வருஷக்கணக்காக வெளுத்து வெளுத்து வெண்ணெய் போல ஆகியிருந்தது. உள்தலைப்பில் ஒரு ஓரம், உள்ளங்கை அகலம்தான், யாருக்குத் தெரியப் போகிறது என்று கத்தரித்தான்.

விளக்கெண்ணெய் தொட்டுச் சுற்றிய குண்டு குழாயில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அடுத்தடுத்துச் சுட்ட ஐந்து குண்டும் ஒரு கைப்பிடி அகலத்துக்குள் விழுந்தன. சாமிதுரைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மறுபடி வீட்டுக்கு ஓடினான். இன்னொரு முழம் வெட்டினான். வெட்டிய பிறகுதான் இனிமேல் இதை மறைக்க முடியாது என்று உறைத்தது. மிச்சப் புடவையைச் சுருட்டி இன்ஜின் கொட்டகையில் ஒளித்து வைத்தான்.

இருசம்மாள் இரண்டு நாள் தேடினாள். மூன்றாம் நாள் செங்கமலத்தை வாசலில் நிறுத்திக் கேட்டாள்.

"நடையிலதானம்மா வெச்சேன். அந்தப் பொடவதான் மேலாப்புல இருந்துச்சு" என்றாள் செங்கமலம்.

"வெச்சது ரெக்கை மொளச்சுப் பறந்துடுச்சா? எங்கம்மா பொடவடி அது!"

சாமிதுரை உள்ளே கூழ் குடித்துக்கொண்டிருந்தான். எழுந்து நான்கு எட்டு வைத்தால் வாசல். வாசலில் நல்லதம்பியின் குரலும் கேட்டது. பெண்டாட்டி புடவையைக் கிழித்துத் துப்பாக்கிக்குச் சுற்றினான் என்று தெரிந்தால் அந்த வாய் இன்னும் பத்து வருஷத்துக்கு ஓயாது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கூழைக் குடித்து முடித்தான்.

நாளை என்பது வரவே இல்லை. தெருவில் பன்னிரண்டு வீடு. ஒரு வாரத்துக்குள் பன்னிரண்டு வீட்டிலும் செங்கமலத்துக்குத் துணி போடுவதை நிறுத்திவிட்டார்கள். இருபது வருஷமாக வெளுத்தவளைத் திருடி என்று குழாயடியில் பேசினார்கள். அவள் தினமும் ஒவ்வொரு வாசலாக நின்று பார்த்துவிட்டு, வெறும் தோளோடு திரும்பிப் போவாள். சாமிதுரை திண்டாடினான், வெட்கப்பட்டான், தூக்கமில்லாமல் புரண்டான். வாயைத் திறப்பதைத் தவிர மற்ற எல்லாம் செய்தான்.

கடலை முற்றிய சமயம், விடிகாலையில் ஒரே குண்டில் ஒரு கிழட்டுப் பன்றியைச் சாய்த்தான். நல்லதம்பியே தோளைத் தட்டினான். "இனிமே ஒன்னயச் சொல்ல முடியாதுப்பா" என்றான். ஒரு வருஷமாக ஏங்கிய சொல். கேட்டதும் சாமிதுரை துப்பாக்கியைத் துடைக்கிற சாக்கில் அப்பால் நகர்ந்துகொண்டான்.

அறுவடை முடிந்த கொல்லையில் விட்டுப்போன கடலையைப் பொறுக்க ஏழைப் பெண்கள் வருவது வழக்கம். அந்த வருஷம் செங்கமலமும் வந்தாள். மற்றவர்கள் போன பிறகும் கரையோரமாகவே குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். பிறகு நேராக அவனிடம் வந்து உள்ளங்கையை விரித்தாள். ஓரம் கருகிய வட்டத் துணி ஒன்று. நடுவில் மட்டும் கருகாத வெள்ளை. அந்த வெள்ளையில் இரண்டு புள்ளியும் ஒரு கோடும். எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிவதற்காக சேங்கொட்டைச் சாற்றால் அவளே போட்டு வைக்கும் குறி அது. எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது.

"ஒங்க வூட்டுக் குறிங்கய்யா" என்றாள்.

சாமிதுரை கரைமேட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் வேணாங்கய்யா. நான் எடுக்கலன்னு தெருவுல ஒரு வார்த்த சொல்லிடுங்க. அது போதும்."

"சொல்லிடறேன். கண்டிப்பா சொல்லிடறேன்" என்றான். அவள் அந்தத் துணியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். நம்பித்தான் கொடுத்தாள்.

அன்றைக்கே இருசம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் மிச்சப் புடவையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"வெளிய மூச்சு விடாதீங்க. ஊரே காறித் துப்பும். நான் பாத்துக்கறேன்."

அவள் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். மறுநாள் காலை செங்கமலத்தைக் கூப்பிட்டு அனுப்பினாள். தெருப் பெண்கள் கூடியிருக்க, சாமிதுரையும் நல்லதம்பியும் நிற்க, உரக்கச் சொன்னாள். "போனது போவட்டும். இருவது வருசமா வெளுத்தவ. நாங்க மன்னிச்சுட்டோம். இனிமே எல்லாரும் அவளுக்கே துணி போடுங்க."

"பெரிய மனசு சாமிதுரை ஒனக்கு" என்றான் நல்லதம்பி. இரண்டு பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

செங்கமலம் இருசம்மாளைப் பார்க்கவில்லை. சாமிதுரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வாயைத் திறந்தான். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தான். நல்லதம்பியின் முகம் கண்ணில் பட்டது. திறந்த வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தான். அப்படி ஒரு அவமானம் அவனுக்கு ஓடு உடைந்தபோது இல்லை. ஊர் அன்றைக்கு அவனைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை.

இருசம்மாள் அழுக்குத் துணியைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள். செங்கமலம் தொடவில்லை.

"அய்யா, நீங்களே எண்ணிக் குடுங்க."

"என்ன செங்கமலம், இத்தன வருசத்துல என்னைக்கு எண்ணியிருக்கோம்?" என்றாள் இருசம்மாள், குரல் இறங்கி.

"அய்யா எண்ணட்டும்மா."

சாமிதுரை குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தன் வேட்டியையும் பெண்டாட்டி புடவையையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

"ஏழு" என்றான்.

"சத்தமாச் சொல்லுங்கய்யா" என்றாள் அவள். "எல்லாருக்கும் கேக்கட்டும்."