பேனல் மேல் காய்ந்த சட்டை

நான் எந்த வேலையிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. ஐடிஐயைப் பாதியில் விட்டேன். அதன்பிறகு ஒரகடம் சாலையின் இருபுறமும் இருந்த கம்பெனிகளில் கண்ணாடி மாட்டினேன், பெட்டி அடுக்கினேன், வேன் கழுவினேன். ஒரு கான்ட்ராக்ட் முடிந்து இன்னொன்று கிடைக்காமல் இருந்தபோது, டீக்கடையில் பழக்கமான வடக்குப்பட்டுக்காரர் ஒருவர், தான் செக்யூரிட்டியாக இருந்த இன்ஜினியரிங் கல்லூரிக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கே எலெக்ட்ரிகல் துறை மேடம் ஒருவருக்கு மொட்டைமாடியில் இருக்க ஆள் வேண்டுமாம்.

"மேல இன்னா வேலை?"

"மேகம் பாக்கணுமாம்பா. அதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்கோ. போ, உனுக்குன்னே செஞ்சு வெச்ச வேலை."

அவர் கிண்டலாகச் சொன்னார். ஆனால் வேலை அதுதான். மாடியில் பன்னிரண்டு சோலார் பேனல்கள் தெற்கு பார்த்துச் சாய்ந்திருந்தன. காலையில் தூசி துடைக்க வேண்டும். பிறகு தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, பேனல்கள் மேல் நிழல் எப்போது விழுந்தது, எப்போது விலகியது என்று நோட்டில் எழுத வேண்டும். கீழே லேபில் மேடம் செய்த கன்வெர்ட்டர் பெட்டி பேனல்களின் மின்சாரத்தை வாங்கும். என் நோட்டையும் மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் கணக்குப் போடுவார்.

மாடியிலிருந்து பார்த்தால் செம்பரம்பாக்கம் ஏரி தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. இந்தப் பக்கம், கார் கம்பெனி யார்டில் புது வண்டிகளின் வரிசை. உச்சி வெயிலில் எது தண்ணீர், எது கண்ணாடி என்று சொல்ல முடியாது. ஏரிப் பக்கமிருந்து ஒரு மேகம் கிளம்பினால் அதன் நிழல் வயல், சுவர், சாலை எல்லாவற்றையும் தாண்டி வரும். யார்டின் மேல் ஏறும்போது வெள்ளைக் கார்கள் சாம்பலாகும், பிறகு ஒவ்வொன்றாக வெள்ளைக்குத் திரும்பும். உட்கார்ந்த இடத்திலேயே நான் எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல் இருக்கும். பல நாள் அது கனவா பார்த்ததா என்றுகூடத் தெரியாமல் நேரத்தை மட்டும் எழுதி வைத்தேன்.

மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். நாகர்கோவில் பக்கம். சின்ன வயதில் ஜன்னலைத் திறந்தால் காற்றாலைகள் தெரியுமாம். காற்று அடிக்கும்போதே ஏன் சிலது நின்றுவிடுகிறது என்று கேட்கப்போய்த்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன் என்பார். டாக்டர் பட்டம், இரண்டு கல்லூரிகள், பத்து வருடம்.

"எல்லாமே கம்ப்யூட்டருக்குள்ளதான் அண்ணா. காத்தும் அதுக்குள்ளதான் அடிச்சுது, வெயிலும் அதுக்குள்ளதான். நெசமான வெயிலு இப்பதான் கெடச்சிருக்கு."

அந்த மாதக் கடைசியில், திட்டத்துக்குப் பணம் கொடுத்த இடத்திலிருந்து இரண்டு பேர் பார்க்க வருவார்கள். பெட்டி சரியாக ஓடாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். பேனல்கள் ஸ்டோருக்குப் போகும், மேடம் வகுப்பு எடுக்க மட்டும் போவார். பஸ் நேரம் சொல்வதுபோல் இதைச் சொன்னார்.

பெட்டி சரியாக ஓடவில்லை. தினமும் மதியம் ஒரு மணி வாக்கில் மின்சாரம் பாதியாக விழும். ஒரு மணி நேரம் அப்படியே கிடந்துவிட்டுத் தானாகச் சரியாகும். பதினோரு நாள் மேடம் பெட்டியைப் பிரித்தார், பாகம் மாற்றினார், மறுபடி பூட்டினார். ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, என் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு மலை வரைந்தார்.

"இந்தப் பொட்டி, மூடுபனியில மலை ஏறுத ஆளு மாதிரி. ஒரு அடி வச்சுப் பாக்கும். ஏத்தம்னா அங்கயே போவும், எறக்கம்னா திரும்பிரும். அப்படியே உச்சிய, அதான் கூடுதல் கரண்டு கெடைக்குத எடத்த, புடிச்சிரும்."

"அப்புறம் ஏன் மேடம் பாதியில நிக்குது?"

"பேனல்ல ஏதாவது ஒரு மூலையில மட்டும் நெழலு விழுந்தா, மலை ரெண்டாயிரும். சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு. சின்னதுல ஏறிட்டு, இதுதான் உச்சின்னு நின்னுரும். ஆனா நம்ம மாடியில அப்படி நெழலே கெடையாதே. உங்க நோட்டுல ஒண்ணுமே இல்லியே."

நான் நோட்டை வாங்கி மூடினேன். என்னிடம் இருந்தது இரண்டு சட்டைகள். ஸ்ரீபெரும்புதூரில் நான் தங்கிய அறையில் எட்டுப் பேர், மூன்று ஷிப்ட். நான் எழுந்த சூடு ஆறுமுன் இன்னொருவர் அந்தப் பாயில் படுப்பார். துணி காயப்போட அங்கே இடமில்லை. அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொட்டிக் குழாயில் ஒரு சட்டையை அலசி, கடைசிப் பேனலின் மேல்விளிம்பில் தொங்கவிடுவேன். பன்னிரண்டு பேனலில் ஒரு மூலைதானே என்று நினைத்திருந்தேன். நோட்டில் 'மேகம் இல்லை' என்று எழுதுவேன். மேகம் இல்லைதான்.

அன்று சொல்லவில்லை. மறுநாள் காலை பையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். போய்விடுவது எனக்குப் பழக்கம். கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக ஆளை ஏற்றிக்கொண்டு போயின. வழக்கமான பஸ் வந்தது. கல்லூரியில்தான் இறங்கினேன்.

சட்டையைப் பற்றிச் சொன்னேன். கேட்டதும் மேடம் ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தார்.

"பதினோரு நாளு அண்ணா! பிரிச்சுப் பிரிச்சுப் பூட்டுனேம்லா!"

நான் பையை எடுத்துக்கொண்டேன்.

"எங்க போறீய? எந்தச் சட்டை?"

"நீலக் கட்டம் போட்டது மேடம்."

"நனைச்சு எடுத்துட்டு மாடிக்கு வாங்க."

தினமும் தொங்கவிட்ட மாதிரியே தொங்கவிடச் சொன்னார். லேப்டாப்பில் எண் பாதியாக விழுந்தது. எடுக்கச் சொன்னார், ஏறியது. நாலைந்து தடவை இப்படிச் செய்ததும் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

அவ்வப்போது மலை முழுவதையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, உயரமான இடத்துக்குத் திரும்பிவருகிற வழி ஒன்று அவரிடம் முன்பே இருந்ததாம். அலையும் நேரத்தில் மின்சாரம் வீணாகும், நிழல் இல்லாத மாடிக்கு அது எதற்கு என்று விட்டிருந்தார். இப்போது அதைப் பெட்டிக்குள் எழுதினார்.

மாதக் கடைசியில் வந்த இருவரில் ஒருவர் பெரியவர், ஒருவர் இளையவர். துடைத்துவிட்ட மாதிரி வானம். எல்லாம் ஒழுங்காக ஓடியது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேலே பார்த்தார்.

"ஒரு மேகம்கூட இல்லையே மேடம். நிழல்ல எப்படி ஓடுதுன்னு பாக்கணுமே, நிழலுக்கு எங்க போவீங்க?"

மேடம் என்னைப் பார்த்தார். "அண்ணா, சட்டை."

தொட்டியில் நனைத்துத் தொங்கவிட்டேன். எண் பாதியாக விழுந்து அங்கேயே நின்றது. ஒரு நிமிடம் போனது. திடீரென்று இன்னும் கீழே, ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவுக்குச் சரிந்தது. இளையவர் பேனாவை மூடினார். மேடம் தூரத்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண் நகர்ந்தது, ஏறியது, பழைய பாதியைத் தாண்டி மேலே போய் நின்றது.

"ம்," என்றார் பெரியவர். படியிறங்கும்போதுதான், "இன்னும் ஒரு வருஷம் நடத்துங்க," என்றார்.

அவர்கள் போனபிறகு மாடியில் வெயிலும் நானும் மட்டும் இருந்தோம். சட்டை காய்ந்து மொடமொடப்பாக இருந்தது. போட்டுக்கொண்டேன், முதுகெல்லாம் சூடு. நோட்டை எடுத்து எழுதினேன்: 'பன்னிரண்டு ஐம்பது. மேகம் இல்லை. சட்டை.'