முள் என்று நினைத்தோம்

என் பிள்ளையின் கையை நாயின் வாய்க்குள் விடச் சொன்னவள் நான்தான். வேறு யாருமில்லை. கர்த்தர் செய்த நன்மையைச் சொல்ல வந்தவள் தன் புத்தியீனத்தை மறைத்துவிட்டுச் சொன்னால் அது சாட்சி ஆகாது. அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் ஜெயராணி. திருகோணமலையில் திருக்கடலூர்க் கடற்கரையில் இருக்கிறோம். கணவர் ரவி கடலுக்குப் போகிறவர். ஒரே மகள் கெசியா நான்காம் வகுப்பில் படிக்கிறாள். எங்கள் வீட்டில் ஜிம்மி என்று ஒரு நாய் இருந்தது.

ஜிம்மியைக் கெசியாதான் குட்டியாகத் தூக்கி வந்தாள். புத்தகங்களையெல்லாம் கையில் பிடித்துக்கொண்டு, குட்டியைப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். இதெல்லாம் வேண்டாம், யார் பார்ப்பது என்று நான் சத்தம் போட்டேன். ரவிதான் அவளுக்காகக் கதைத்தார். "நாய்க்கு என்னப்பா செலவு? மிச்சச் சோறும் மீன் தலையும் தானே" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு அது பக்கத்து வீட்டுச் செருப்புகளைத் தின்றது, வேலியைப் பிய்த்தது, உண்ணிக்குச் சவர்க்காரம் கேட்டது, சங்கிலி கேட்டது. எல்லாம் வாங்கினோம். செல்லம் பொழிவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் செய்யவில்லை.

அதற்குக் காசும் தேவைப்பட்டிருக்காது. ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வந்து, ஞாயிறு காலை சந்தியில் நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி இலவசம் என்று ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஞாயிறு காலை எங்களுக்கு ஆராதனை. வெள்ளைச் சேலை உடுத்து, வேதாகமத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தச் சந்தியைக் கடந்துதான் போனேன். நாய்களை இழுத்துப் பிடித்துக்கொண்டு சனம் வரிசையில் நின்றது. ஓய்வுநாளில் ஆலயத்துக்குப் போகாமல் நாயோடு மல்லுக்கட்டுகிறார்களே என்று மனதுக்குள் அவர்களை ஏளனம் செய்தேன். எங்கள் வீட்டு நாயைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றும் நினைத்தேன். அதை விசுவாசம் என்று வேறு நம்பினேன்.

அதற்குப் பிறகு ஒருநாள், மீன் வாடியடியில் எங்கிருந்தோ வந்த நாயொன்று ஜிம்மியின் காதைக் கடித்தது. மஞ்சள் பூசினோம், ஆறிவிட்டது. நாங்களும் மறந்துவிட்டோம்.

போன பங்குனியில், பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை, ஜிம்மி சாப்பாட்டைத் தொடவில்லை. தாடை தொங்கிப்போய் வாயிலிருந்து வீணி வடிந்தது. குரைத்தால் குரல் அடைத்து, வேறு ஏதோ மிருகத்தின் குரல்போல் வந்தது. தொண்டையில் முள் மாட்டிவிட்டது என்றார் ரவி. எனக்கும் அதேதான் தோன்றியது. கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? முதல்நாள்தான் வலையிலிருந்து எறிந்த கெளிற்றுத் தலையை ஜிம்மி கவ்விக்கொண்டு ஓடியதைப் பார்த்திருந்தோம். கெளிற்று முள்ளுக்கு அரம் மாதிரிப் பல் இருக்கிறது. உள்ளே குத்தினால் இலகுவில் வராது.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சகோதரிகளின் ஜெபக்கூட்டம் நடக்கும். அன்றும் வந்தார்கள். ஜிம்மி முற்றத்தில் வீணி வடியப் படுத்திருந்ததைக் கண்டு எல்லோருக்கும் மனம் இளகியது. எங்களில் மூத்தவரான சுகந்தி அக்காதான், அதுவும் கர்த்தர் படைத்த சீவன், ஜெபிப்போம் என்றார். நாயைச் சுற்றி முழங்காலில் நின்றோம். அதன் தலையில், கழுத்தில், தாடையில் எல்லாம் கைவைத்தோம். "ஆண்டவரே, இந்த முள்ளை எடுத்துப்போடும்" என்று நான் கண்ணீரோடு கேட்டேன். ஜிம்மி பேசாமல் படுத்திருந்தது. பிசுபிசுத்த கைகளைப் பாவாடையில் துடைத்துவிட்டு எல்லோரும் இருந்து தேநீர் குடித்தோம்.

எங்கள் வீடுகளில் முள் மாட்டினால் வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்குவோம். அதற்கும் இறங்காவிட்டால், வீட்டில் ஆருக்குச் சின்னக் கையோ அவர் விரலை விட்டு எடுத்துவிடுவார். எங்கள் வீட்டில் அந்தக் கை கெசியாவுடையது. போன வருடம் தகப்பனின் தொண்டையில் மாட்டிய முள்ளையே எடுத்துக் கொடுத்தவள். மறுநாள் சனிக்கிழமை காலை நான் அவளைக் கூப்பிட்டேன்.

"உன்ர கை தான் சின்னக் கை. மெதுவா விட்டுப் பார், பிள்ளை."

விட்டாள். ஜிம்மி கடிக்கவில்லை. கடிக்க அதனால் ஏலாது என்று எங்களுக்கு அப்போது தெரியாது. பாவம், எவ்வளவு பொறுமை என்று அதைப் பாராட்டினோம். கையை வெளியே எடுக்கும்போது பல் உரசி, அவளுடைய சுண்டுவிரலில் ஒரு கீறல் விழுந்தது. ஒரு பொட்டு இரத்தம். அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, உள்ளே ஒன்றும் தட்டுப்படவில்லை என்றாள். இன்னும் உள்ளே இருக்கும் என்றார் ரவி. நான் குசினிக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து அவளுடைய கையில் மணிக்கட்டு வரை பூசினேன். ரவி தாடையை இரண்டு கையாலும் பிரித்துப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்று, கர்த்தாவே இந்த முறை கிடைக்கவேணும் என்று வாய்விட்டு ஜெபித்தேன்.

அந்த நேரம் படலையடியில் மோட்டார் சைக்கிள் நின்றது. கிண்ணியாவிலிருந்து மீன் எடுக்க வருகிற நிசார் நானா. நாய் என்றால் அவருக்கு ஆகாது. அவருடைய மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்டால் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். அதனால் எப்போதும் படலைக்கு வெளியே நின்று, நாயைப் பிடியுங்கோ என்று குரல் கொடுப்பார். நானாவுக்குப் புலியைக் கண்ட பயம் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். நாய்க்குக் கிட்ட நின்ற எங்களுக்குத் தெரியாதது, தள்ளி நின்ற அந்த மனிதருக்குத் தெரிந்தது.

"தங்கச்சி, புள்ளைட கைய எடுங்க."

அவர் கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்த நடுக்கத்தில் கெசியா கையைத் தன்பாட்டில் இழுத்துக்கொண்டாள். முள் மாட்டியிருக்கு நானா என்றேன். நாய் தண்ணீர் குடித்ததா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. வைத்துப் பாருங்கள், கிட்டப் போகாதீர்கள் என்றார். ரவி ஒரு சட்டியில் தண்ணீரை வைத்துத் துடுப்பால் தள்ளிவிட்டார். ஜிம்மி எழும்பி வந்தது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தது. அதற்குத் தாகம், அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. தொண்டை இழுத்து இழுத்து வெட்டியது. தண்ணீர் அப்படியே வாயால் வழிந்தது.

"இது முள்ளு இல்ல தங்கச்சி. எங்கட ஊருல ஒரு மாட்டுக்கு இப்பிடித்தான் வந்த. முள்ளுக்கொம்பு சிக்கிட்டு எண்டு நெனச்சி, வளத்தவர் வாயில கைய விட்டார். மாடும் மௌத்து. அவரும் மௌத்து."

மௌத்து என்றால் அவர்களுடைய பேச்சில் சாவு. எண்ணெய் பூசிய பிள்ளையின் கை என் கைக்குள் இருந்தது. அந்தச் சுண்டுவிரலைப் பார்த்தேன். முன்தினம் இல்லாத முள்ளுக்காகக் கண்ணீர் விட்டவள் நான். அந்த நேரத்தில் அழக்கூட வரவில்லை. சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் நல்லாக் கழுவுங்கள், நிறுத்தாமல் கழுவுங்கள் என்று நானா படலைக்கு வெளியே நின்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் குழாயைத் திறந்து கழுவினேன். கழுவக் கழுவ அந்த எண்ணெய் போகவில்லை.

நானாதான் ஓடிப்போய் ஓட்டோ பிடித்துவந்தார். நானும் கெசியாவும் ஏறினோம். ரவி படலையைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு மிருக வைத்தியரைக் கூட்டிவரப் போனார். அயல் பிள்ளைகள் பந்து எடுக்க வேலி பாய்ந்து உள்ளே வருவார்கள் என்பதால், நாய்க்குப் பயந்த அந்த மனிதர் ஒரு தடியோடு எங்கள் படலைக்குக் காவல் நின்றார். அவருடைய ரெஜிபோம் மீன் பெட்டியில் ஐஸ் கரைந்து அன்றைய மீன் முழுக்கப் பழுதாய்ப் போனது. அதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

ஆசுபத்திரியில் ஒரு பெண் டொக்டர் விரலைப் பார்த்தார், எல்லாம் கேட்டார். காயத்தைச் சுற்றியே ஊசி ஏற்றினார்கள். சுண்டுவிரலில் எங்கேதான் இடம் இருக்கிறது? கெசியா போட்ட சத்தத்தில் வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கையிலும் தடுப்பூசி போட்டார்கள். இன்னும் பல முறை வர வேண்டும், ஒன்றையும் தவறவிடக் கூடாது என்றார்கள். விசர்நோயின் குணம் காட்டத் தொடங்கிவிட்டால் தங்களிடம் மருந்து இல்லை என்று டொக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு, நாயின் வீணி வேறு யாரிலும் பட்டதா என்று கேட்டார். நான் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"இவ்வளவு பேரும் நாயை என்ன செய்தீங்கள்?"

"கை வைச்சு ஜெபிச்சனாங்கள், டொக்டர்."

அவர் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லோரையும் இன்றைக்கே வரச் சொல்லுங்கோ என்று மட்டும் சொன்னார். சுகந்தி அக்காவின் உள்ளங்கையில் மீன் வெட்டும்போது பட்ட காயம் இருந்தது. அவருக்கும் எல்லா ஊசியும் போட வேண்டி வந்தது. ரவிக்கும் எனக்கும் போட்டார்கள். எங்கள் ஜெபக்கூட்டம் அன்று ஆசுபத்திரி வாங்குகளில் இருந்தபடிதான் கூடியது. யாருக்கும் வாயைத் திறந்து ஜெபிக்க வரவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடிக்கவும் பயமாக இருந்தது.

ஜிம்மி மறுநாள் செத்தது. தலையைப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். விசர்தான் என்று பதில் வந்தபோது ரவி முற்றத்தில் குந்தி இருந்துவிட்டார். தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஊசி எல்லாம் போட்டு முடிந்தது. பயம் இல்லை என்று டொக்டர் சொன்னார். மற்றவர்கள் நம்பினார்கள். தாய்க்கு அது இலேசா? கெசியா ஒவ்வொரு முறை தண்ணீர் குடிக்கும்போதும் போய் முன்னால் நின்றேன். விழுங்குகிறாளா என்று அவளுடைய தொண்டையைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் செம்பை நீட்டினேன். புரைக்கேறி ஒருநாள் இருமினாள். நான் குசினி நிலத்திலேயே விழுந்து அழுதேன். பிள்ளைக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் தண்ணீர் குடிக்க முன்னம், அம்மா பாருங்கோ என்று என்னைக் கூப்பிடுவாள். கடகடவென்று சத்தம் வரக் குடித்துவிட்டு, வாயைத் திறந்து காட்டுவாள். அந்த வயதில் ஒரு பிள்ளை தாயைத் தேற்ற வேண்டி வந்ததே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

நன்றியோடு சொல்கிறேன், அவள் சுகமாக இருக்கிறாள். சுகந்தி அக்காவும் சுகமாக இருக்கிறார். கைவைத்த ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஜெபித்தும் நாய் செத்துவிட்டதே என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். நான் கேட்டது முள்ளை. இல்லாத முள்ளை ஆண்டவர் எப்படி எடுப்பார்? ஆனால் கெசியாவின் கை இரண்டாம் தடவை உள்ளே போகிற நேரத்தில், நான் வாய்விட்டு ஜெபித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஒருவரைப் படலையடிக்கு அனுப்பினார். எங்கள் சபையில் இல்லாத ஒருவரை, நாங்கள் பகிடி பண்ணிய ஒருவரை அனுப்பினார். அவர் வராவிட்டால் அந்த ஒரு பொட்டு இரத்தத்தை நாங்கள் பாவாடையில் துடைத்ததோடு விட்டிருப்போம். ஆசுபத்திரிக்குப் போயிருக்க மாட்டோம்.

அன்பானவர்களே, ஜெபியுங்கள். நானும் ஜெபிக்கிறேன், முன்னையைவிட அதிகமாகவே ஜெபிக்கிறேன். ஆனால் வாயில்லாச் சீவனை வீட்டுக்குள் எடுத்தால் அதன் ஊசியும் உங்கள் பொறுப்புத்தான். பிள்ளைக்கு அட்டை வைத்துத் திகதி பார்த்து ஊசி போடுகிற நாங்கள், அந்தப் பிள்ளையோடு ஒரே பாயில் உருளுகிற நாயை மறந்துவிடுகிறோம். கர்த்தரை நம்புகிறவர்கள் அவர் அனுப்புகிற ஓட்டோவின் ஒலிபெருக்கியையும் கேட்க வேண்டும்.

இந்த வருடம் அந்த ஓட்டோ திரும்ப வந்தது. அதே ஞாயிறு காலை, அதே சந்தி. எங்களிடம் இப்போது ஒரு குட்டி இருக்கிறது. ஊசி போடும்வரை பேர் வைப்பதில்லை என்று கெசியா பிடிவாதமாக இருந்தாள். வெள்ளைச் சேலையோடு நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் சுகந்தி அக்கா தன் கிழட்டு நாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆராதனைக்குப் போகிற சிலர் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நாங்கள் ஆலயத்துக்குப் போய்ச் சேரும்போது பிரசங்கம் தொடங்கிவிட்டது. குட்டியை வெளியே குழாயடி மரத்தில் கட்டினோம். கெசியா குழாயைத் திறந்து, கையை ஏந்தித் தண்ணீர் பிடித்து, சத்தம் வரக் குடித்தாள். பிறகு சிரட்டை ஒன்றில் பிடித்துக் குட்டிக்கு வைத்தாள். அது நக்கி நக்கிக் குடித்து முடித்தது. என் பழக்கம் அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்து எனக்குக் காட்டினாள்.

"அம்மா, ரெண்டு பேரும் குடிச்சிட்டம். உள்ள போவம் வாங்கோ."