என் முதுகை மிதித்தவர்களும் என் மாதாவும்

இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றுமே இல்லாமல் போனது ஒரு தை மாதத்தில். இரண்டாம் உலக யுத்தம் அப்போது இன்னும் முடியவில்லை. களத்தில் நெற்கட்டைத் தூக்கியபோது முதுகில் வலி பிடித்தது. அதற்கு முன்பே மாலையானால் காய்ச்சல், சோறு இறங்காமை எல்லாம் இருந்தன. அதையெல்லாம் யார் கேட்டார்கள்? சுளுக்கு என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

தாய் வயிற்றிலிருந்து கால் முதலில் வந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விடும் என்பது எங்கள் பக்கத்து ஞானம். அண்ணன் முறைப் பங்காளி சவரியப்பன் அப்படிப் பிறந்தவர். மற்றபடி அவர் எதிலும் முந்தி நான் பார்த்ததில்லை. என்னைக் குப்புறப் போட்டு மிதித்தார். மற்றவர்கள் வெற்றிலை மென்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மறுநாள் கால்கள் மரத்துப் போயின. பிறகு சிறுநீர் போவதுகூடத் தெரியவில்லை.

சவரியப்பன் வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? "ஒனக்கு விசுவாசம் பத்தல, அதான் கால் வுளுந்துடுச்சு" என்றார்.

செத்துவிடலாம் போலிருந்தது. என் மனைவி ஆரோக்கியம் வண்டி கட்டி, ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குக் கொண்டுபோனாள். "தாயே, நடக்க வை, இல்லையென்றால் எடுத்துக்கொள்" என்று அழுதேன். எழவில்லை. கூட வந்த சொந்தங்களில் பாதிப் பேர் அப்போதே திரும்பிவிட்டார்கள். அற்புதம் தாமதமானால் அவர்கள் மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது?

அங்கே ஜெபிக்க வந்திருந்த கன்னியாஸ்திரி ஒருவர் திருச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் முதுகில் புடைத்திருந்த எலும்பைத் தடவினார்.

"இது சுளுக்கு இல்லீங்க. எலும்புல காசம். சீழ் கட்டி உள்ள தண்டுவடத்த அழுத்துது. இனிமே மிதிக்காதீங்க, உக்கார வைக்காதீங்க. இன்னிக்கே ரயிலேத்துங்க."

"மாதாகிட்ட வந்துட்டு ஆஸ்பத்திரிக்கா?" என்றார் சவரியப்பன்.

"மாதாதான் இந்தம்மாவக் காட்டியிருக்கா. நீங்க வூட்டுக்குப் போங்க மாமா" என்றாள் ஆரோக்கியம்.

திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் முதுகைத் திறந்து சீழை எடுத்தார். அந்த நோய்க்கு அப்போது மருந்து கிடையாது. மாவுக்கட்டில் மாதக்கணக்காக அசையாமல் கிடக்க வேண்டும், பாலும் முட்டையும் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். நடக்க வை என்று கேட்டவனுக்குச் சும்மா கிட என்று பதில் வந்தது. ஜெபமாலை சொல்லிக்கொண்டே கிடந்தேன். ஒருநாள் என் காலைத் துடைத்துக்கொண்டிருந்த ஆரோக்கியம், "பெருவிரல் ஆடுதுங்க" என்றாள். இருவரும் அழுதோம்.

இப்போது சற்றுச் சாய்ந்து நடக்கிறேன். வருஷந்தோறும் ஏலாக்குறிச்சிக்கு நடந்தே போய் நன்றி சொல்கிறேன். ஜெபிக்கச் சொல்லி நோயாளிகளை என் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். விசுவாசிகளே, மாதாவை நம்புங்கள், கைவிட மாட்டாள். ஆனால் நோயாளியை என் வாசலில் இறக்காதீர்கள். வண்டியை அரியலூர் ஸ்டேஷனுக்கு ஓட்டுங்கள். ரயில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஜெபிக்கிறேன்.